தன்னைக் காக்கும் தக்காளிச் செடி



தக்காளிச் செடியைத் தொட்டுப் பழகியவர்கள் யாவரும் ஒன்றைக் கண்டிருப்பார்கள். பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைக் கோலோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் கையைப் பார்த்தால், விரல் நுனிகளில் மஞ்சளும் பச்சையும் கலந்த கறையொன்று படிந்திருக்கும். சிறிது நேரத்தில் அது கறுத்துவிடும். சோப்பிட்டுக் கழுவினால் நுரை மஞ்சளாக வரும். மணமோ எளிதில் போகாது. தில்லியில் நாங்கள் குடியிருக்கும் அரசாங்கக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், வெயில் விழுகின்ற தாழ்வாரத்தில், என் மனைவி ஐந்து தொட்டிகளில் தக்காளி வளர்த்து வருகிறாள். ஐப்பசியில் நாற்று நட்டால் மாசியில் பழம் பறிக்கலாம். இடையிலுள்ள மூன்று மாதமும் அந்தக் கறை எங்கள் வீட்டுத் துண்டுகளில் எல்லாம் இருக்கும். அஃது அழுக்கு அன்று, செடி தன் பகைவர்மீது பூசுவதற்காகச் செய்து வைத்திருக்கும் பசை என்பதை நான் அறிந்தது நாற்பது வயதுக்குப் பிறகுதான்.

நான் தாவர நூல் பயின்றவன் அல்லன். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்க்கிறேன். இரயில்வே விதிகள், அஞ்சலகச் சேமிப்பு, தடுப்பூசி, உரம் என்று எது மேசைக்கு வந்தாலும் அதைத் தமிழாக்கித் தருவது என் பணி. அத்தகையவன் தக்காளிச் செடியின் தற்காப்பைப் பற்றிப் பேச வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கோலார் மாவட்டத்திலிருந்து எனக்கு வந்து சேர்ந்த ஒரு கடிதமே அதற்குக் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் செடியைப் பார்ப்போம்.

தக்காளி நம் நாட்டுப் பயிர் அன்று. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆண்டிஸ் மலைத்தொடரை ஒட்டிய பெரு, ஈக்குவடார் ஆகிய நாடுகளில் அதன் காட்டு இனங்கள் இன்றும் வளர்கின்றன. மெக்சிக்கோவில் அதைப் பயிரிட்ட மக்களின் மொழியிலிருந்து ஸ்பானியர் பெயரை எடுத்துக்கொண்டனர். ஸ்பானியரிடமிருந்து அது ஆங்கிலத்திற்குச் சென்று, இங்கே தில்லிக் காய்கறிக்காரன் வாயில் 'டமாட்டர்' என்று ஒலிக்கிறது. நம்மவர் மட்டும் அயற்பெயரை ஏற்காமல், மணத்தக்காளியோடு உறவு கற்பித்துத் தக்காளி என்றே அழைத்தனர். நம் பாட்டிமார் சிலர் சீமைத்தக்காளி என்று சொல்லக் கேட்டிருக்கலாம். அந்த உறவு வெறும் கற்பனை அன்று. மணத்தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகிய நான்கும் தாவர நூலார் கணக்கில் ஒரே இனப் பெயரைத் தாங்கியவை. நஞ்சு செய்யும் திறன் இக்குடும்பத்தில் பரம்பரைச் சொத்து. ஐரோப்பியர் நெடுங்காலம் தக்காளியை உண்ண அஞ்சியதற்கு இந்த உறவினரின் பெயரும் ஒரு காரணம்.

இனி அந்தக் கறைக்கு வருவோம். தக்காளித் தண்டை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அதன்மீது சுணை அடர்ந்திருப்பது தெரியும். என் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பூதக் கண்ணாடியால் நோக்கினேன். சில சுணைகள் வெறும் ஊசிகள். வேறு சில, நுனியில் உருண்டையான தலை உடையவை, குண்டூசியைப் போன்றவை. லக்வில் என்ற அறிஞர் 1943-ஆம் ஆண்டில் இவற்றை ஏழு வகையாகப் பிரித்தார். இன்றும் ஆராய்ச்சியாளர் அவர் கொடுத்த எண்களையே வழங்குகின்றனர். ஏழில் நான்கு வகை, தலையில் சுரப்பி உடையவை. ஆறாம் வகைச் சுணையின் தலையில் நான்கு சிற்றறைகள் உள்ளன. சிறு பூச்சியொன்றின் கால் பட்டாலும் அவை உடைந்து உள்ளிருப்பது வெளியே வழியும். வழிந்தது காற்றில் கறுத்து இறுகும். அசுவினியைப் போன்ற சிறு பூச்சியின் காலிலும் வாயிலும் அது படிந்து படிந்து, நடக்கவோ உறிஞ்சவோ இயலாமல் செய்துவிடும். நம் விரலுக்குக் கறையாக இருப்பது அதற்கு விலங்கு.

காட்டுத் தக்காளிகளிடம் இந்தப் படைக்கலம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. பெரு நாட்டு மலைச்சரிவுகளில் வளரும் ஹாப்ரோகைட்டீஸ் என்ற இனத்தைத் தொட்டால் கையெல்லாம் பிசுபிசுக்கும். 'சுணையழகி' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அவ்வினத்தின் ஒரு பிரிவில் சுணைத் தலைகளிலிருந்து டிரைடெக்கனோன் என்ற பொருள் கிடைத்தது. அது புழுக்களையும் அசுவினிகளையும் கொல்லவல்லது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடையில் விற்கும் பூச்சிக்கொல்லிக்கு நிகரான ஒன்றைச் செடி தானே காய்ச்சி வைத்திருக்கிறது! பென்னெல்லி என்ற மற்றொரு காட்டினம், சர்க்கரையும் கொழுப்பமிலமும் சேர்ந்த ஒரு பசையை நான்காம் வகைச் சுணையிலிருந்து சுரக்கிறது. வெள்ளை ஈ அதில் வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

நம் தோட்டத்துத் தக்காளியிடம் இந்த நான்காம் வகைச் சுணை என்ன ஆயிற்று? முழுவதும் அழிந்துவிடவில்லை. விதையிலைகளிலும் இளம் நாற்றின் முதல் இலைகளிலும் அது காணப்படுகிறது. செடி வளர வளர மறைந்துவிடுகிறது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை விளக்கமாகக் காட்டியது. குழந்தைக்குப் பிறக்கும்போதே அரைஞாண் கட்டி, பெரியவனானதும் அவிழ்த்துவிடுவது போல என்று என் மனைவி சொன்னாள்.

சுணைக்கு உள்ளே இரண்டாவது அரண் இருக்கிறது. இலையிலும் தண்டிலும் பச்சைக் காயிலும் தொமாட்டின் என்ற கசப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் கொலஸ்டிரால் போன்ற பொருள்கள் உள்ளன அல்லவா? தொமாட்டின் அவற்றைப் பற்றிக்கொண்டு சவ்வைக் கிழித்துவிடும். பூஞ்சைக் காளானுக்கும் பல பூச்சிகளுக்கும் அதனால் கேடு. ஒரு கிலோ பச்சைக் காயில் 500 மில்லிகிராம் வரை இருக்கும் இந்தப் பொருள், காய் பழுக்கப் பழுக்கச் சிதைந்து, சிவந்த பழத்தில் ஏறக்குறைய 5 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. செடியின் நோக்கம் தெளிவாகத் தெரிகிறது. விதை முற்றும்வரை யாரும் தொடலாகாது. முற்றியபின் யாராவது தின்று விதையை எங்கேனும் கொண்டுபோய்ப் போட வேண்டும். கலாப்பகோசுத் தீவுகளில் அந்த வேலையைப் பேராமைகள் செய்யக்கூடும் என்று கலிபோர்னியாவின் சார்லஸ் ரிக் என்ற பேராசிரியர் 1961-இல் ஆராய்ந்து எழுதினார். ஆமையின் குடல் வழியே வந்த விதைகள் நன்றாக முளைத்தனவாம். காட்டுத் தக்காளிகளைத் தேடி ஆண்டிஸ் மலைகளில் பலமுறை அலைந்தவர் அவர். அவர் திரட்டிய விதைகள் டேவிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. தக்காளிக்காய்க் கூட்டும் துவையலும் செய்யும் தாய்மார்கள் இதைக் கேட்டு அஞ்ச வேண்டா; பல நாட்டு மக்கள் பச்சைக்காயை நெடுநாளாக ஊறுகாயிட்டு உண்டு வருகின்றனர்.

ஆனால் ஓர் ஐயம் எழுகிறது. பச்சைக்காயில் இத்தனை கசப்பு இருக்க, காய்ப்புழு அதைத் தேடிவந்து துளைப்பது எப்படி? துளைத்த காயில் தலையை நுழைத்துக்கொண்டு, உடம்பின் பின்பாதியை வெளியே விட்டுக்கொண்டு அது தின்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு காயோடு நிற்பதுமில்லை. பாதி தின்று விட்டுவிட்டு அடுத்த காய்க்குப் போகும். துவரை, கடலை, பருத்தி, தக்காளி என்று பற்பல பயிர்களையும் தின்று பழகிய புழு அது. வெவ்வேறு நஞ்சுகளைத் தாங்கும் வயிறு அதற்கு வாய்த்திருக்கிறது. செடியின் கசப்பு எல்லாப் பகைவருக்கும் மதில். இவனுக்கு மட்டும் வேலி. வேலியைத் தாண்ட நேரமும் உழைப்பும் செலவாகும், அவ்வளவே.

இதுவரை சொன்ன இரண்டும் செடி எப்பொழுதும் தயாராக வைத்திருப்பவை. மூன்றாவது காவல், அடிபட்ட பின்பே விழிப்பது. இதைப் பற்றிப் படித்தபோதுதான் நான் உண்மையில் வியந்தேன்.

1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரீன், ரயன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். உருளைக்கிழங்கு வண்டை ஒரு தக்காளி இலையின்மீது விட்டுக் கடிக்கச் செய்தனர். சில மணி நேரத்திற்குள், கடிபட்ட இலையில் மட்டுமன்றி, கடிபடாத மற்ற இலைகளிலும் ஒருவகைப் புரதம் சேரத் தொடங்கியது. பூச்சியின் வயிற்றில் உணவைச் செரிக்க வைக்கும் நொதிகளை வேலை செய்ய விடாமல் தடுக்கும் புரதம் அது. புழு வயிறு நிறையத் தின்னும். தின்றது உடம்பில் ஒட்டாது. வயிறு நிறைந்தும் பட்டினி!

அடிபட்ட செய்தி ஓர் இலையிலிருந்து மற்றோர் இலைக்குப் போவது எவ்வாறு? செடிக்கு நரம்பு இல்லை. ரயனும் அவருடைய தோழர்களும் இதைத் தேடி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்தனர். 1991-இல் விடை கிடைத்தது. பதினெட்டே அமினோ அமிலங்கள் கோத்த சிறிய சங்கிலியொன்று காயம் பட்ட இடத்தில் விடுபட்டுச் செடிக்குள் எச்சரிக்கையை எழுப்புகிறது. அதற்குச் சிஸ்டமின் என்று பெயரிட்டனர். நம் உடலில் இன்சுலின் செய்தி கொண்டுபோவதைப் போலச் செடியிலும் புரதத் துணுக்கு ஒன்று செய்தி கொண்டுபோகக்கூடும் என்பது அதற்கு முன் அறியப்படாதது.

சிஸ்டமின் எழுப்பிய எச்சரிக்கையைச் செடி முழுவதும் பரப்புவது ஜாஸ்மோனிக் அமிலம் என்ற மற்றொரு பொருள். இந்தப் பெயரில் மல்லிகை மணப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். அதன் நெருங்கிய உறவான மீதைல் ஜாஸ்மோனேட்டை 1962-இல் முதலில் பிரித்தெடுத்தது பிச்சிப்பூவின் எண்ணெயிலிருந்து. நம் பெண்கள் கூந்தலில் சூடும் அதே பிச்சிதான். சாதிமல்லி என்றும் சொல்வோம். வாசனைத் தைலக்காரர் தேடிக் கண்ட பொருள், செடிகளின் போர்முரசாக இருந்திருக்கிறது. 1990-இல் ரயனும் பார்மர் என்பவரும் இன்னொரு வேடிக்கையைக் கண்டனர். நம் மரிக்கொழுந்துக்கு இனமான ஒரு பாலைவனச் செடி இந்த மணத்தை இயல்பாகவே வீசும். அதன் கிளையையும் தக்காளிச் செடியையும் ஒரே மூடிய அறையில் வைத்தனர். ஒன்றையொன்று தொடவில்லை, பூச்சியும் இல்லை. மணம் பட்ட அளவிலேயே தக்காளி தன் தடைப் புரதத்தைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது.

இதனை அடுத்து ஜப்பானியர் 2014-இல் கண்டறிந்தது இன்னும் சுவையானது. புல்லை வெட்டியவுடன் பச்சை வாசனை ஒன்று எழும் அல்லவா? வெட்டுப்புழு தின்னும் தக்காளிச் செடியிலிருந்தும் அவ்வாசனை எழுகிறது. பக்கத்திலுள்ள செடி அதை உள்ளே இழுத்து, சர்க்கரையோடு பிணைத்து, புழுவுக்கு ஒவ்வாத பொருளாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அடுத்த வீட்டில் திருடன் புகுந்த சத்தம் கேட்டு, நம் வீட்டுக் கதவைத் தாழிடுவது போலத்தான். ஆனால் இங்கே அந்தச் சத்தத்தையே எடுத்துத் தாழ்ப்பாளாக அடித்துக்கொள்கிறது செடி.

2017-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட சோதனை சற்றுக் கொடூரமானது. ஜாஸ்மோனேட்டைத் தெளித்து நன்றாக விழிக்கச் செய்த தக்காளிச் செடிகளில் புழுக்களை விட்டனர். இலை சுவைக்காமற் போகவே, புழுக்கள் விரைவிலேயே ஒன்றையொன்று தின்னத் தலைப்பட்டன. செடிகள் பெரும்பாலும் தப்பின.

இவ்வளவும் படித்தவன், தக்காளிக்கு மருந்தே வேண்டா என்று எண்ணிவிடுவது இயல்பு. நான் எண்ணினேன். அங்கேதான் அந்தக் கடிதத்தின் கதை வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், புதிய தக்காளி வகையொன்றைப் பற்றிய துண்டு வெளியீடு என் மேசைக்கு வந்தது. காய்ப்புழுவை 'ஓரளவு எதிர்த்து நிற்கும்' வகை என்பது மூலத்தின் கருத்து. நான் அதைத் தமிழில் 'காய்ப்புழு தாக்காத வகை' என்று எழுதினேன். வாக்கியம் சுருக்கமாக, செவிக்கு இனிதாக அமைந்தது. 'ஓரளவு' என்ற சொல்லை வேண்டுமென்றே நான் நீக்கவில்லை. அது ஓசையை இடறியது, விழுந்துவிட்டது. மேலே பார்த்தவர்களும் அதைக் கவனிக்கவில்லை. அச்சாகி, தமிழர் மிகுதியாக வாழும் வெளி மாநில மாவட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

மறு ஆண்டு ஒரு கடிதம் பல மேசைகளைச் சுற்றி என்னிடம் வந்தது. எழுதியவர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கோலாரில் குடியேறி, ஓர் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி வைத்தவர். கடிதம் நீளமானதன்று. 'ஐயா, புழு தாக்காது என்று சர்க்காரே போட்டிருந்தபடியால், தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டேன். வந்து பார்த்தால் மூன்றில் ஒரு காயில் ஓட்டை. சந்தையில் கழித்துக் கட்டினார்கள். தாக்காது என்றால் என்ன பொருள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.' அவ்வளவுதான். ஏச்சு இல்லை, நட்டம் கேட்கவில்லை. பொருள் கேட்டிருந்தார்.

மேலதிகாரி ஒருவர் அதன் ஓரத்தில் 'மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்கு' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று மாலை நான் வீட்டுக்குப் பேருந்தில் செல்லாமல் நடந்தே சென்றேன். மூல வெளியீட்டை மறுபடி எடுத்துப் படித்தபோது, அந்த ஒரு சொல்லைச் சுற்றியே எல்லாம் நிற்பதைக் கண்டேன். அதன் பிறகே இந்தப் பொருளைப் பற்றிய நூல்களையும் கட்டுரைகளையும் நூலகத்தில் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

எதிர்த்து நிற்பது வேறு, தாக்கப்படாதிருப்பது வேறு. எதிர்க்கும் செடியிலும் புழு விழும். குறைவாக விழும், மெதுவாக வளரும், சில சாகும். அந்த இடைவெளியில் உழவன் கண் வைத்திருந்தால் பயிர் பிழைக்கும். மேலும், பூச்சியும் வாளாவிருப்பதில்லை. செரிமானத்தைத் தடுக்கும் புரதத்தைத் தின்ற சில புழுக்கள், அதனால் தடைபடாத வேறு நொதிகளைத் தம் வயிற்றில் சுரந்துகொள்கின்றன. உருளைக்கிழங்கு வண்டோ, தன் வாயிலுள்ள பாக்டீரியாக்களை இலைமீது கக்கி, புழு கடிக்கவில்லை, நோய்தான் வந்திருக்கிறது என்று தக்காளியை ஏமாற்றுகிறது. செடி நோய்க்கான எதிர்ப்பைத் தொடங்கி, புழுவுக்கான எதிர்ப்பைத் தளர்த்திவிடுகிறது. 2013-இல் இது வெளியாயிற்று.

காட்டுத் தக்காளியின் சுணையை நம் தக்காளியில் ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஏற்ற முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். அது ஒரு மரபணுவின் வேலை அன்று. பல மரபணுக்கள் கூடிச் செய்வது. ஒன்றை இழுத்தால் அதோடு சிறு காயும் கெட்ட சுவையும் சேர்ந்து வருகின்றன. வேறொரு சிக்கலும் உண்டு. காய்ப்புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் குளவிகள் நமக்கு நண்பர்கள். புழு தின்ற தொமாட்டின் அந்தக் குளவிக் குஞ்சுகளையும் கெடுக்கிறது என்று காம்பெல், டஃபி ஆகியோர் 1979-இல் காட்டினர். சுணையின் பசையில் முட்டைக் குளவிகளும் ஒட்டி மடிகின்றன. மதிலை உயர்த்த உயர்த்த, உதவிக்கு வருபவனும் உள்ளே வர முடியாமற் போகிறான். மறுபுறம், செடியின் விழிப்பு நண்பரை அழைப்பதும் உண்டு. கலிபோர்னியாவின் தக்காளி வயலில் ஜாஸ்மோனிக் அமிலம் தெளித்த செடிகளில், குளவியால் தாக்கப்பட்ட புழுக்கள் இரு மடங்காக இருந்தன என்று தேலர் என்ற அம்மையார் 1999-இல் எழுதினார்.

ஒரு மரபணுவால் முடிந்த வெற்றிகளும் உள்ளன. வேரை முடிச்சாக்கும் நூற்புழுவை எதிர்க்கும் ஆற்றல் பெரு நாட்டுக் காட்டினம் ஒன்றில் இருந்தது. இயல்பாக அது நம் தக்காளியோடு கலவாது. 1944-இல் கலிபோர்னியாவில் ஸ்மித் என்பவர் கருவைத் தனியே எடுத்து வளர்த்து இரண்டையும் இணைத்தார். அந்த ஒரு மரபணுவே அசுவினியையும் வெள்ளை ஈயையும்கூட ஓரளவு தடுக்கிறது என்பது அரை நூற்றாண்டுக்குப் பின்பே தெரிந்தது. ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் நூற்புழுவுக்கெதிரான அதன் ஆற்றல் தளர்ந்துவிடும். சித்திரையில் தில்லி மண்ணைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

தில்லிக்கு அருகே ஹிசாரில் நடந்த வேலை நமக்குப் பெருமை தருவது. வெள்ளை ஈ சுமந்துவரும் இலைச்சுருள் நோய் நம் நாட்டுத் தக்காளிக்குப் பெரும்பகை. முன்னே சொன்ன சுணையழகியிலிருந்து அந்நோயை எதிர்க்கும் ஆற்றலைக் கல்லூ, பானர்ஜி ஆகிய இருவர் நம் தக்காளியில் ஏற்றி 1990-இல் வெளியிட்டனர். அவர்கள் உருவாக்கிய வழியைக் கொண்டு பிற நாடுகளிலும் வகைகள் வளர்க்கப்பட்டன.

ஆண்டிஸ் மலைநாட்டிலிருந்து தக்காளி வந்து பல நூற்றாண்டுகள் கழித்து, அதே மலைநாட்டின் ஊசிப்புழுவும் பின்தொடர்ந்து வந்துவிட்டது. 2006-இல் ஸ்பெயினில் நுழைந்து, 2014-இல் மராட்டிய மாநிலத்தில் காணப்பட்டு, விரைவில் தெற்கே பரவியது. இலையின் இரு தோல்களுக்கிடையே சுரங்கம் தோண்டி வாழ்வது அது. அதன் பழைய பகைவர்களான காட்டுத் தக்காளிகளிடம்தான் இன்று ஆராய்ச்சியாளர் மறுபடி உதவி தேடிப் போகின்றனர்.

கோலார்க்காரருக்கு நான் எழுதிய பதிலில், பிழை என்னுடையது என்பதை முதல் வரியில் எழுதினேன். அவ்வாறு எழுதுவது அலுவலக மரபன்று என்று ஒருவர் சொன்னார். வீட்டு முகவரியிலிருந்து என் பெயரில் அனுப்பிவிட்டேன். பிறகு, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் சொல்லும் துலுக்கச் சாமந்தி முறையை விவரமாக எழுதினேன். பதினாறு வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான சாமந்தி. சாமந்தி நாற்று நாற்பத்தைந்து நாளும் தக்காளி நாற்று இருபத்தைந்து நாளும் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி சாமந்திப் பூவையே பெரிதும் நாடி முட்டையிடும். வயலெங்கும் தேடுவதை விட்டு, அந்த ஒரு வரிசையில் கண்வைத்தால் போதுமானது.

தொட்டியில் வளர்க்கும் நேயர்களுக்கும் இரண்டொரு வார்த்தை. நாற்றுப் பருவத்தில் மெல்லிய வலைத்துணியால் மூடி வைத்தால் வெள்ளை ஈ அண்டாது. நோய் பெரும்பாலும் அந்த இளம் பருவத்திலேயே தொற்றுகிறது. தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள். கொழுத்த மெல்லிலை பூச்சிக்கு விருந்து. துளைபட்ட காயைக் கிள்ளி அப்பால் எறிந்துவிட வேண்டும், செடியடியில் போடலாகாது. கடைக்காரர் தரும் மருந்துப் புட்டியை வாங்குமுன் அதனோடு வரும் தாளைப் படியுங்கள். தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது அதில் இருக்கும். ஒரு காலத்தில் காய்கறிகளுக்கெல்லாம் தாராளமாகத் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. தாழ்வாரத்துப் பழத்தைப் பறித்தவுடன் கழுவாமல் வாயில் போடும் பிள்ளைகள் உள்ள வீட்டில், அந்தப் புட்டியே வேண்டா என்பது என் மனைவியின் தீர்ப்பு. நான் அதை மறுத்துப் பேசுவதில்லை.

எங்கள் ஐந்து தொட்டிகளுக்கு இடையே ஆறாவதாக ஒரு சாமந்தித் தொட்டி இப்போது இருக்கிறது. சென்ற பங்குனியில் சாமந்தி மொக்கில் மூன்று புழுக்களும் தக்காளியில் ஒன்றும் கண்டோம். கோலாரிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. சாமந்தி வைத்ததில் பூவே தசராச் சந்தையில் நல்ல விலைக்குப் போயிற்று என்றும், தக்காளியில் புழு 'ஓரளவு' குறைந்தது என்றும் எழுதியிருந்தார். அந்த ஒரு சொல்லின்கீழ் இரண்டு கோடு போட்டிருந்தது.